ஸ்டிக்கர் ஒட்டாத புத்தகம்

டென்மார்க்கில், விபோர்க் நகரத்துக்குப் போகும் பெரிய வீதியை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். காலில் இரும்பு மூக்கு வைத்த வேலைச் சப்பாத்து. தூரம் நடக்க அது உதவாது. பின்னால் ஒரு பழைய பண்ணை மாளிகை. அதன் முற்றத்தில் நான் இரண்டு வருடம் ஏறி இறங்கிய வான் நின்றது. பஸ் தரிப்பிடம் ஐந்து கிலோமீட்டர் என்று காலையில் வரும்போதே கவனித்திருந்தேன். வேலையை விட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. மீன் ஆலை, தக்காளி வளர்க்கும் கண்ணாடிக் கூடம், ஹேர்னிங்கில் ஒரு துணி ஆலை என்று எல்லாவற்றிலிருந்தும் நடந்திருக்கிறேன். அவற்றை எழுதி வைக்கத் தோன்றவில்லை. இதை எழுதுகிறேன். இறந்தவர்களின் வீட்டுச் சாமான்களை ஒழித்துக் கொடுக்கிற தொழிலுக்கு வருகிறவர்களுக்கு உதவும்.

முதலாளி ரவி அண்ணை எங்கள் ஊர்க்காரர். ஊர்க் காணியில் பாதி ஒருகாலம் அவருடைய குடும்பத்தினுடையது. என் அம்மாவின் தகப்பன் அவர்கள் வளவில் சம்பளம் இல்லாமல் உழைத்தவர். அவருக்கு முந்தியவர்கள் அந்தக் குடும்பத்தின் அடிமைகளாகவே எழுதப்பட்டிருந்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். வானில் நாங்கள் இதைக் கதைத்ததில்லை. தன் வீட்டு விருந்துக்கு அவர் என்னைக் கூப்பிட்டதுமில்லை. தொழில் பழக்கியதில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை.

முதல் நாளே சொல்லித் தந்தார். "ஸ்டிக்கரைப் பாத்து வேலை செய். நீலம் ஒரு பிள்ளைக்கு, மஞ்சள் மற்றப் பிள்ளைக்கு. ஒண்டும் ஒட்டாதது குப்பைக் கொண்டெய்னருக்கு. ஆனா கையாலை எழுதின கடதாசி ஏதும் அகப்பட்டா, ரெண்டு பிள்ளைக்கும் காட்டாமல் எறியாதை. எறிஞ்சா கோட்டுக்கு இழுபடுறது நாங்கள்தான்."

பொருளை அசைக்குமுன் அறை அறையாகப் பட்டியல் எழுதுவது என் பொறுப்பு. சோபா ஒன்று, மேசை இரண்டு, விளக்கு நான்கு. அப்படி இரண்டு வருடம் எழுதினேன்.

அன்றைய வீட்டில் இறந்தவர் தொண்ணூறு தாண்டிய கிழவர். பிள்ளைகள் இரண்டு பேர், முந்தின வாரமே வந்து ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மகன் காலையிலிருந்தே அங்கு நின்றார். மகள் தூரத்தில் இஷொய் என்ற ஊரிலிருந்து கார் ஓடி மத்தியானத்துக்குமுன் வருவதாக இருந்தது. வீட்டைக் கலியாண மண்டபமாக்க ஒருவர் வாங்கியிருந்தார். கொண்டெய்னரை ஏற்ற லொறி பதினொரு மணிக்கு வரும்.

அலுவலக அறையின் பெரிய மேசையை நகர்த்தியபோது பின்பலகை கழன்று, தோல் அட்டைப் புத்தகம் ஒன்று கீழே விழுந்தது. நான் பின்னுக்கு வைத்த கால் அதன்மேல் பட்டது. கால் பட்ட புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவது நாங்கள் சின்னனிலிருந்தே பழகியது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். ஆனாலும் கை தானாகப் போய்விடும். ஒற்றினேன். கதவடியில் நின்ற மகன் அதைக் கண்டுவிட்டார்.

"என்ன செய்கிறாய்? அதென்ன, பைபிளா?"

எனக்குத் தெரிந்த டெனிஷில் விளக்கினேன். அந்தக் கை மட்டும் சும்மா இருந்திருந்தால், பழைய அச்சுப் புத்தகம் என்று மற்றவற்றோடு அள்ளிப் போட்டிருப்பேன். அவரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார். இப்போது வாங்கித் திறந்தார். இரண்டு தாள் புரட்டினார். கழுத்துச் சிவந்தது.

"இது கொண்டெய்னருக்கு. இப்போதே." என் கையில் திணித்துவிட்டு வெளியே போனார்.

நானும் திறந்தேன். பழைய டெனிஷ் கையெழுத்து, ஒரு வரியும் வாசிக்க முடியவில்லை. பெயர்களும் இலக்கங்களும் மட்டும் தெளிவான எழுத்தில் இருந்தன. முதல் தாளில் சென் குரோய் என்ற தீவின் பெயர். டென்மார்க் ஒருகாலம் வைத்திருந்து பிறகு அமெரிக்காவுக்கு விற்ற கரும்புத் தீவுகளில் ஒன்று என்று மொழி வகுப்பில் படித்திருந்தேன். உள்ளே இருந்தது என்னவென்று பார்த்ததுமே தெரிந்தது. நான் எழுதுவது போன்ற பட்டியல்தான். சாமான்கள், அடுத்து கழுதைகள், அடுத்து இடைவெளிகூட விடாமல் மனிதர்கள். ஏபல். ஹன்னா. சோபி. குடும்பப் பெயர் இல்லை. வயதும் விலையும் இருந்தன. ஓரத்தில் ஒவ்வொருவருக்கும் மூன்று எழுத்துகளில் ஒன்று. மூன்று வாரிசுகளின் முதலெழுத்துகள். ஹன்னாவுக்கு ஓர் எழுத்து. தாயும் பிள்ளையுமாக அவளோடு ஒரே கோட்டுக்குள் அடைத்திருந்த நான்கு வயதுச் சோபிக்கு வேறோர் எழுத்து. அதை விளங்க எனக்கு டெனிஷ் தேவைப்படவில்லை.

ரவி அண்ணை வந்தார். "என்னடா, சிலை மாதிரி நிக்கிறாய்? லொறி வரப்போகுது."

"அண்ணை, இதை ஒருக்காப் பாருங்கோ."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். அவருக்கு டெனிஷ் நன்றாக வரும். "சொத்துப் பங்கு பிரிச்ச பத்திரம்," என்றார்.

"ஓம். கழுதையோடை சேத்து மனிசரையும் பிரிச்சிருக்கினம்."

"எங்கடை ஆக்களும் எழுதினவைதான், பரம்பரை முதுசொம் எண்டு. அது அந்தக் காலம். கொண்டுபோய்ப் போடு."

"மகள் இன்னும் பாக்கேல்லை."

"உனக்கேன்ரா அது? நீ என்ன இந்த வீட்டு மருமோனோ?"

"காட்டாமல் எறியாதை எண்டு நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள்."

"அப்ப சொன்னதும் நான்தான், இப்ப போடச் சொல்லுறதும் நான்தான். இந்த மகன்காரன் இன்னும் நாலு வீட்டு வேலை பிடிச்சுத் தாறன் எண்டிருக்கிறான். உன்ரை வீம்புக்கு நான் வானை விக்கிறதோ?" பிறகு குரலைத் தணித்தார். "உன்ரை ஆக்களின்ரை பேர் இதிலை இல்லையடா."

"எங்கடை ஆக்களின்ரை பேர் எழுதின கடதாசி எங்கை அண்ணை?"

கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே போனார்.

லொறி பின்பக்கமாக வரும் சத்தம் கேட்டது. புத்தகத்தை ஜக்கெட்டுக்குள் வைத்தால் நான் கள்ளன். வானில் வைத்தால் அண்ணை கள்ளன். ஆகவே முன்வாசல் படியில், எல்லோருக்கும் தெரிய, மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். மகன் ஓடி வந்தார்.

"எழும்பு. பொலிசைக் கூப்பிடுவேன்."

என் வதிவிட அனுமதியை நீடிக்க விண்ணப்பம் போட்டிருந்த நேரம் அது. பொலிசில் பெயர் பதிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். "கூப்பிடுங்கள். உங்கள் தங்கை எறியச் சொன்னால் நானே எறிகிறேன்," என்றேன்.

அவர் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. தோல் அட்டை கிழியத் தொடங்கியது. லொறிக்காரன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். மகன் கையை எடுத்தார். கொண்டெய்னரை ஏற்றிக்கொண்டு லொறி போனது. அதன் பிறகு முக்கால் மணித்தியாலம் நான் படியைவிட்டு எழும்பவில்லை.

மகள் வந்தபோது மணிக்கட்டில் மஞ்சள் ஸ்டிக்கர் சுருள் தொங்கியது. நின்றபடியே வாசித்தார். பழைய எழுத்து அவருக்குக் கொஞ்சம் வரும் போலிருந்தது.

"இது எரிந்துபோனது என்று அப்பா சொன்னாரே?" என்று தமையனைக் கேட்டார்.

"உண்மையாகவே எரித்திருக்கலாம்," என்றார் மகன்.

முந்தின வாரம் வீடு முழுக்க ஒட்டிப் பழகிய கை, ஒரு மஞ்சள் ஸ்டிக்கரை உரித்துவிட்டது. அது அவர் விரல் நுனியில் நின்றது. அந்த மூன்று எழுத்துகளையும் திரும்பப் பார்த்தார். ஸ்டிக்கரைச் சுருட்டிப் பைக்குள் போட்டார்.

"இதை எங்களுக்குள் பங்கு போட முடியாது. ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கிறேன்."

மகன் உள்ளே போனார்.

ரவி அண்ணை என் பையில் இருந்த வான் திறப்புக்குக் கை நீட்டினார். "இண்டையோடை காணும்." திறப்பைக் கொடுத்தேன். கம்பனி ஜக்கெட்டையும் கழற்றிக் கொடுத்தேன். குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கப் போனேன்.

"சப்பாத்தை வைச்சிரு," என்றார், வேறு பக்கம் பார்த்தபடி.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பட்டியல் எழுதும்போது அவசரப்படாதீர்கள். இன்னும் யார் பார்க்கவில்லை என்று கேளுங்கள். வேலை போகலாம். எனக்குப் போனது.

மறுநாள் காலை ஆறரைக்கு ஹேர்னிங்கில் ஒரு சலவை ஆலையில் நின்றேன். ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற இடம். தெரிந்த மன்னார்க்காரர் ஒருவர் சொல்லிவிட்டிருந்தார். மேற்பார்வைக்காரி என் அலுமாரிக் கதவுக்கு ஒரு வெள்ளை ஸ்டிக்கர் தந்தாள். "சுருக்கமாக எழுது. சிவா போதும்."

எல்லா வேலையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அன்று அப்பாவின் பெயரில் தொடங்கினேன். நவரத்தினம் என்பதிலேயே ஸ்டிக்கர் முடிந்துவிட்டது. இன்னொன்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். பக்கத்தில் ஒட்டி, சிவகுமாரன் என்று எழுதி முடித்துவிட்டு, ஈரத்துணி வண்டியைத் தள்ளப் போனேன்.