சேக்காட்டில் தண்ணீர் போன வழி

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸை விட்டு, சேக்காட்டில் ஏரியை ஒட்டிய மனையில் வீடு கட்டிக்கொண்டு வந்தோம். அப்பா திருநெல்வேலிக்காரர். எதிர்வீட்டுக்காரர் பெரம்பூரில் பிறந்து வளர்ந்த கிறிஸ்தவர். இருவருக்கும் தொழிற்சாலையில் ஒரே பிரிவில் வேலை. அப்பாவை அவர் ‘அண்ணாத்தே’ என்றுதான் கூப்பிடுவார்.

வந்த பிறகு பெய்த முதல் பெருமழையில் இரண்டு வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. இரண்டு குடும்பமும் சர்ச் ஹாலில் பக்கத்துப் பக்கத்தில் பாய் விரித்துக் கிடந்தோம். அங்கே வைத்துத்தான் அப்பாவும் எதிர்வீட்டுக்காரரும் பேசி முடிவு செய்தார்கள். அடுத்த கோடையில் தெருவே மண்வெட்டியோடு இறங்கியது. வீடுகளின் பின்பக்கமாக ஒரு வாய்க்கால் வெட்டி, ஏரி நிறைந்தால் உபரிநீர் வழியும் பழைய கலங்கல் ஓடையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

நான் அப்போது கல்லூரியில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன். ஏரியோரத்துக் களிமண் ஒருமுறை ஊறிவிட்டால் அதற்குமேல் உறிஞ்சாது, தண்ணீருக்கு வழி ஒன்றுதான் வேண்டும் என்று வீட்டில் பெருமையாக விளக்குவேன். வாய்க்கால் வேலை செய்தது. அந்த ஐப்பசியில் காலையில் மழை விட்டது, மதியமே அம்மா வாசலில் கோலம் போட்டாள்.

பிறகு கடைசி வீட்டுக்காரர் தன் வீட்டுக்குப் பின்னால் வாய்க்காலைத் தூர்த்து ஷெட் போட்டார். யாரும் கேட்கவில்லை. அவருக்கு அடுத்தவர் மதில் கட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாடியில் எங்கோ இடித்த பழைய கட்டடத்தின் கல்லும் மண்ணும் லாரியில் வந்து எதிர்வீட்டு வாசலில் இறங்கின. அப்பா தெருவைக் கடந்து போனார்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?”

“இன்னா அண்ணாத்தே பண்றது? வாய்க்காலத்தான் மூடிட்டானுங்களே. ஊட்ல கொயந்தைங்க கீது. நா மேடு பண்ணிக்கிறேன். நீயும் பண்ணிக்கோ.”

“எல்லாரும் மேடாக்கிட்டா தண்ணி எங்க போகும்?”

“அத்த கவர்மென்ட் பாத்துக்கும்.”

லேபில் பீக்கருக்குள் கல்லைப் போட்டு, எவ்வளவு தண்ணீர் ஏறுகிறது என்று அளந்திருக்கிறேன். இப்போது எதிர்வீட்டுக்காரர் மேடாக்கிய மனைதான் கல், எங்கள் வீடே பீக்கர். அவர் மனையில் நின்றிருக்க வேண்டிய தண்ணீரும் சேர்ந்து அடுத்த மழையில் எங்கள் வீட்டுக்குள் வந்தது. ஒரு வாரம் வடியவில்லை. ஸ்டவ்வை மேஜைமேல் ஏற்றிவைத்து, முழங்கால் தண்ணீரில் நின்று அம்மா சமைத்தாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி. காலில் ஏதோ குத்தியது, புண் ஆறவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். எதிர்வீட்டம்மா டிபன் கேரியரோடு பார்க்க வந்தார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வீட்டையே தூக்கிக் கட்ட அப்பாவுக்கு வழியில்லை. உள்ளே மண்ணடித்துத் தரையை மட்டும் உயர்த்தினார். ஜன்னல் முழங்காலுக்கு இறங்கியது. கை தூக்கினால் இடிக்கிறதென்று மின்விசிறியைக் கழற்றினோம். நிலைப்படியில் எல்லோரும் குனிந்து நுழைந்தோம். அறுபதை நெருங்கிய அப்பா எத்தனையோ முறை தலையில் இடித்துக்கொண்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கல்லூரியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மாறிவரும் மழைக்கு மக்கள் எப்படித் தங்களைத் தகவமைத்துக்கொள்கிறார்கள் என்று ஆராய்கிறார்களாம். எங்கள் தரையைப் பார்த்ததும் அவர்கள் முகம் மலர்ந்தது. “மக்களே கண்டுபிடிச்ச வழி சார் இது,” என்று சொல்லி, அப்பாவை நிலைப்படியில் குனிந்து நிற்கச் சொல்லிப் படமெடுத்தார்கள். அம்மா காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“தெருவா சேர்ந்து எப்பவாவது ஏதாவது செஞ்சிருக்கீங்களா?” என்று ஒருவர் கேட்டார்.

அப்பா எதிர்வீட்டைப் பார்த்தார். “இல்ல,” என்றார்.

வாய்க்காலைப் பற்றிச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். ‘இல்ல’ என்பதையும் அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த ஆண்டே அந்த வீட்டை விற்றுவிட்டுப் பூந்தமல்லியில் வாடகைக்குப் போனோம். வாங்கியவர் வீட்டை இடித்து, மனையை எதிர்வீட்டைவிட உயரமாக மேடாக்கிப் புதுவீடு கட்டினார். அந்த வருஷ மழையில் எதிர்வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் என்று கடைத்தெருவில் யாரோ சொன்னதாக அப்பா வந்து சொன்னார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். “ம்” என்றாள். எங்களில் யாரும் போய்ப் பார்க்கவில்லை.