மலை இல்லாத ஊரில் மலை நேர்த்தி

எங்கள் தீவில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்டால் ஒருவரும் பதில் சொல்லமாட்டார்கள். அது ஓடாது, நிற்கும். வேலணையிலிருந்து ஊர்காவற்றுறைக்குச் சைக்கிளில் போகிறவன் ஓரிடத்திலும் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. கச்சான் காற்று எதிர்த்து அடித்தால் அதுதான் எங்களுக்கு ஏற்றம். பின்னால் நின்று தள்ளினால் அதுதான் இறக்கம். இப்படிப்பட்ட ஊரில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, புகையிலைக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த நான், மலையேறுவதாகக் கடவுளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

காரணம் ஒரு கலண்டர்.

அந்த வருடம் என் மனைவிக்கு நெருப்புக் காய்ச்சல். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டுகூட நிற்க ஏலாத நிலை. நாளைக்குள் காய்ச்சல் இறங்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பாண் வாங்கலாம் என்று கடைத்தெருவுக்கு வந்தேன். அங்கே பேக்கரி வைத்திருந்தவர் ஒரு சிங்களவர். பதுளைப் பக்கத்து மலைநாட்டு ஆள். இருபது வருடமாக எங்களுக்குப் பாண் போட்டதில் எங்களைப்போலவே கதைக்கப் பழகியிருந்தார். அடுப்புக்கு மேலே சுவரில் அவருடைய கலண்டர். ஆறுமுகம், மயில், பின்னால் ஒரு நீல மலை. எழுத்துத்தான் சிங்களம், முகம் எங்கள் முருகன்தான். அந்த முகத்தைக் கண்டதும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"முருகா, அவள் எழும்பி நடந்தால் மலையேறிவந்து உனக்குப் பாற்செம்பு வைக்கிறன்!"

மனதுக்குள் சொல்லியிருக்கலாம். வாய்விட்டுச் சொன்னேன். அதுவும் ஒரு சாட்சிக்கு முன்னால்.

அடுத்த நாள் காய்ச்சல் இறங்கியது. கிழமை இரண்டில் வீட்டுக்கு வந்து, குசினியில் நின்று புட்டு அவித்தாள். முருகன் தன் பங்கை முடித்துவிட்டான். என் பங்குதான் மிச்சம்.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம். யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு அப்பால் நான் போனதில்லை. மலை என்றால் படத்தில் கண்டதுதான். அதில் ஆள் எப்படி நிற்பான், சரிந்து விழமாட்டானா என்றெல்லாம் யோசனை. ஆனால் வெளியில் சொன்ன காரணம் வேறு. "புகையிலைக்குத் தண்ணி ஆர் இறைக்கிறது?" அதை எல்லாரிடமும் சொன்னேன். பூசை அறையில் முருகனிடமும் சொன்னேன்.

பேக்கரிக்காரர் விடவில்லை. பாண் சுற்றித் தரும்போதெல்லாம் கேட்பார்.

"அண்ணை, மலைக்கு எப்ப?"

வீட்டில் அதைவிடக் கரைச்சல். என் மனைவி ஒன்றும் கேட்கமாட்டாள். ஆனால் தும்மினால் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். இருமினாலும் பார்ப்பாள். நேர்த்திக்கடன் வைத்துவிட்டு ஏமாற்றினால் போன காய்ச்சல் திரும்பி வரும் என்பது அவளுடைய பயம். என்னுடைய பயமும் அதுதான், நான் காட்டிக்கொள்ளவில்லை.

அப்போதுதான் நெடுந்தீவுக்காரன் ஒரு வழி சொன்னான். கிறிஸ்தவ வேதக்காரன், சொந்த வள்ளத்தில் கருவாடு கொண்டுவந்து ஊர்காவற்றுறையில் விற்பவன், எனக்கு நல்ல சிநேகிதம்.

"மச்சான், அவ்வளவு தூரம் ஏன் போறாய்? எங்கட ஊரில ஒரு மலை கிடக்கு."

"உண்மையே?"

"அந்தோனியார் அறிய."

நம்பிப் போனேன். கச்சான் இன்னும் அடங்கவில்லை. வள்ளம் ஏறிய ஏற்றமும் இறங்கிய இறக்கமும் பத்து மலைக்குக் காணும், மிஞ்சும். வயிற்றில் இருந்ததை எல்லாம் கடலுக்குக் கொடுத்துவிட்டு நெடுந்தீவில் இறங்கினேன். கல்வேலிகளுக்கு நடுவே, மேய்கிற குதிரைகளை விலத்திக்கொண்டு ஒரு மணித்தியாலம் நடத்தினான். கடைசியில் ஒரு வயல் மூலையில் நின்றான். உழவு நிலத்தில் பொறுக்கிப் போட்ட கற்குவியல் ஒன்று. என் நெஞ்சளவு உயரம். உச்சியில் ஒரு ஆடு நின்று அசைபோட்டது.

"இதுதான் மலை. ஆடு ஏறியிட்டுது, நீ ஏறமாட்டியே?"

ஆட்டுக்கு முன்னால் வைத்தே அவனை ஏசினேன். ஆனால் திரும்பி வரும்போது அந்தக் கள்ளன் இன்னொரு யோசனையை என் தலைக்குள் போட்டுவிட்டான். மண்கும்பான் கடற்கரையில் மணல் மேடு இருக்கிறதே? எங்கள் தீவுக்கு அதுதானே பெரிய உயரம்? முருகன் என்ன அளவுநாடாவோடா வரப்போகிறான்?

மாரி கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை காலை, தோய்ந்து, திருநீறு பூசி, எங்கள் பசுவின் பாலைச் செம்பில் எடுத்துக்கொண்டு போனேன். மனைவியும் வந்தாள். மலையைக் கண்ணால் கண்டவர் எங்களுக்குள் பேக்கரிக்காரர் ஒருவர்தான் என்பதால் அவரையும் நீதவானாக அழைத்திருந்தேன். நெடுந்தீவுக்காரன் அழைக்காமலே வந்திருந்தான்.

ஏறினேன். இரண்டு அடி வைத்தால் ஒரு அடி வழுக்கியது. ஆனாலும் ஒரு வெற்றிலை சப்பி முடிக்கிற நேரத்துக்குள் உச்சிக்குப் போய்விட்டேன். நாலு பக்கமும் கடல். மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். பேக்கரிக்காரர் சப்பாத்தைக் கழற்றி மணலைக் கொட்டினார்.

"முதலாளி, சொல்லுங்கோ. இது மலைதானே?"

"அண்ணை, கோவிக்கக் கூடாது. என்ர வீட்டில கோழிக்கூடு இதைவிட உயரத்தில கிடக்கு."

"உயரத்தை விடுங்கோ. ஏறினனான், களைச்சனான். அது காணாதே?"

அவர் நெடுந்தீவுக்காரன் பக்கம் திரும்பினார்.

"போன மாரிக்கு முதல் இந்த மேடு எங்க நிண்டது?"

"அங்கால, அந்தத் தாழைப் பக்கம். காத்தடிக்க இஞ்சால வந்திட்டுது."

"பார்த்தீங்களா? நடக்கிற மலையில தெய்யோ, சாமி, எப்பிடி இருக்கிறது? இண்டைக்குப் பால் ஊத்துவீங்கள். நாளைக்கு அவர் வந்து பார்த்தால் மலை வேற இடத்தில நிக்கும்."

எனக்கும் சரியான ஒரு பதில் இருந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்த நேரம் பார்த்து என் மனைவி தும்மினாள்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"உது மணல் தூசி" என்றேன். ஒருவரும் நம்பவில்லை.

அவள் செம்பை என் கையிலிருந்து வாங்கி, பேக்கரிக்காரரிடம் நேராகக் கேட்டாள். "அண்ணை, நீங்கள் ஊருக்கு எப்ப போறியள்?"

"வாற கிழமை."

"எங்களையும் கூட்டிக்கொண்டு போங்கோ."

"இஞ்சேர், புகையிலை..." என்று தொடங்கினேன்.

"நான் இறைக்கிறன் மச்சான்" என்றான் நெடுந்தீவுக்காரன். கடலில் நிற்கிறவன், கிணற்றுத் துலாவைத் தொட்டும் அறியான். ஆனால் நாங்கள் திரும்பி வந்தபோது என் கன்றுகள் என் கையில் நின்றதைவிடச் செழிப்பாக நின்றன. அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

கொழும்புக்கு ரயில், பிறகு மலைநாட்டு ரயில். சுரங்கம் வந்து பெட்டி இருண்டபோது தெரிந்த தேவாரம் எல்லாவற்றையும் சொன்னேன். வெளிச்சம் வந்தபோது பார்த்தால் பேக்கரிக்காரரின் கையை இறுகப் பிடித்திருந்தேன். அவர் ஊரில் நிலம் எல்லாம் நிமிர்ந்து நின்றது. தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. கீழே வயலில் சிங்களச் சனம், மேலே தேயிலையில் தோட்டத்துத் தமிழ்ச் சனம், சந்தியில் முஸ்லிம் சோனகரின் கடை. எல்லாருக்கும் மேலே, உச்சியில், ஒரு தகரக் கொட்டிலுக்குள் முருகன். பேக்கரிக்காரரின் வீட்டு மாட்டுப் பாலை வாங்கிக்கொண்டு விடியக் காலமே ஏறத் தொடங்கினோம்.

அரைவாசிக்கு முன்னமே எனக்கு மூச்சு முட்டியது. கொழுந்துக்கூடையோடு இறங்கிவந்த தோட்டத்துப் பெண்ணைக் கேட்டேன். "இன்னும் கொஞ்சந்தாங்க ஐயா" என்றாள். அரை மணித்தியாலம் கழித்து ஒரு சிங்களக் கிழவர் வந்தார். அவர் சொன்னதைப் பேக்கரிக்காரர் தமிழில் சொன்னார். "இன்னும் கொஞ்சமாம்." வளைவில் தேத்தண்ணீர் விற்ற சோனகர், "கொஞ்சம்தான், இருந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். மூன்று சனமும் ஒரே பொய்யை ஒரே முகத்தோடு சொன்னார்கள்.

தேத்தண்ணீர் குடித்த கல்லிலிருந்து என்னால் எழும்ப முடியவில்லை. சமநிலத்து முழங்கால். வழியிலேயே பாலில் பாதி சிந்திவிட்டது. அரைவாசி மலை காணுமோ என்று முருகனிடம் மெல்லப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். அவள் செம்பை எடுத்துக்கொண்டு ஏறினாள். கதவைப் பிடித்து நிற்க ஏலாமல் கிடந்தவள், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, திரும்பியும் பாராமல் போகிறாள். அந்தக் குதிக்கால்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு கையையும் ஊன்றி, நாலு காலில் ஏறினேன்.

மேலே அவள் செம்பை வைத்துக்கொண்டு காத்து நின்றாள்.

"உங்கட நேர்த்தி. நீங்கள்தான் ஊத்தோணும்."

ஊற்றினேன். பால் கொஞ்சம், கண்ணீர் கொஞ்சம். எழும்பிப் பழக்கத்தில் கடலைத் தேடினேன். மலைக்குப் பின்னால் மலைதான் நின்றது.

"மலை காணுமோ அண்ணை?" என்றார் பேக்கரிக்காரர்.

"காணும், காணும்."

இறங்கும்போது கீழே ஒரு பாறையில், சப்பாத்துப் போட்ட ஒருவர் நாக்குத் தள்ள உட்கார்ந்திருந்தார். கையில் தேங்காய். எங்களைக் கண்டதும் கேட்டார். "ஐயா, இன்னும் எவ்வளவு தூரங்க?"

"இன்னும் கொஞ்சம்தான்" என்றேன்.

மனைவி என் விலாவில் இடித்தாள். "கும்பிட்டு இறங்கி அரை மணித்தியாலம் ஆகேல்லை. அதுக்குள்ள பொய்யோ?"

குளிர்காற்று ஒன்று தேயிலைக்கு மேலால் வந்தது. அவள் தும்மினாள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.