வாசிக்கட்டுமா டீச்சர்

மண்சரிவால் பாடசாலை மூடும் நாட்களில் வீடியோவில் பாடம் நடத்துவது எப்படி என்று பழக, தேயிலைத் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களான எங்களைப் பதுளைக்கு அழைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர், கேமரா, ஹெட்போன் எல்லாம் முன்கூட்டியே பொருத்தித் தயாராக இருந்தன. நாங்கள் பட்டனை அழுத்தினால் போதும்.

பக்கத்து மேசை டீச்சரோடு பேசிப் பார்த்தேன். முகம் பளிச்சென்று தெரிந்தது. "இப்ப உங்க மாணவர் ஒருத்தரக் கூப்பிடுங்க" என்றார் பயிற்சியாளர்.

அப்புத்தளைக்கு மேலே, எங்கள் தோட்டத்தில் ஆறாம் வகுப்பு படிக்கும் பிள்ளையிடம் முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன். அவர்கள் குடியிருக்கும் லயத்தில் சிக்னல் இல்லாததால், அப்பாவின் போனோடு மேட்டு ரோட்டுக்கு வந்து நின்றாள். திரையில் அவள் முகமும் கையில் தமிழ்ப் புத்தகமும் தெரிந்தன.

"டீச்சர், கேக்குதா?"

"கேக்குதும்மா, வாசி."

"டீச்சர், ஒண்ணுமே கேக்கலையே. படமும் வரல."

கத்தினேன். கையை ஆட்டினேன். பயிற்சியாளர் குனிந்து பார்த்து, "நம்ம பக்கம் எல்லாம் சரியா இருக்குங்க டீச்சர். அங்கதான் சிக்னல் பத்தல, நம்ம படமும் குரலும் போய்ச் சேரல" என்றார்.

மழை தூற ஆரம்பித்தது. புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.

"நீங்க சொன்னா வாசிக்கிறேன் டீச்சர்."

வகுப்பில் நான் சொல்லாமல் யாரும் வாசிக்கக்கூடாது என்பது நான் போட்ட சட்டம். திரையைத் தொட்டபடி உட்கார்ந்திருந்தேன்.

"டீச்சருக்கு வேல போல இருக்கு" என்று யாரிடமோ சொல்லிவிட்டுத் துண்டித்தாள்.

பயிற்சியாளர் என் பெயருக்கு நேரே சரி போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.