ஆமைகளை எண்ணியவர்

என் அக்கா புருஷன் இப்போது ஒரு துணிக்கடையின் பார்க்கிங்கில் டோக்கன் கிழித்துக் கொடுக்கிறார். நிற்கிற வண்டிகளை எண்ணுவதுதான் வேலை. அவருக்கு அதைவிடப் பொருத்தமான வேலை இந்த உலகத்தில் கிடையாது என்று நான் சொன்னால், அக்கா என்னை வீட்டுக்குள் விடமாட்டாள். இப்போதே விடுவதில்லை, அது வேறு விஷயம்.

ஊரில் அவரை 'சென்சஸ்' என்று கூப்பிடுவார்கள். நான் மாமா என்பேன். இருபத்தேழு வருஷம் டாக்சி ஓட்டினார், ஒரே வண்டி. பின்பக்கம் உருண்டையாக, முன்பக்கம் குட்டித் தலையோடு ஒரு கார் ஒரு காலத்தில் தெருவெல்லாம் ஓடியதே, அந்த வண்டி. அதன் சரியான பெயரை யாரும் சொன்னதில்லை, எல்லாருக்கும் ஆமைதான். வேகமும் அப்படித்தான். கம்பெனியை இழுத்து மூடிய பிறகு ஆமைகள் ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தன. மாமா எண்ண ஆரம்பித்தார்.

"மாப்ள, இன்னியோட நாப்பத்தொண்ணு" என்பார். அடுத்த வருஷம் இருபத்தாறு. அப்புறம் பதினொன்று. எந்த ஆமை எந்தச் சந்தில் நிற்கிறது, எதற்குக் கதவு ஆடுகிறது, எதன் சொந்தக்காரருக்குக் கண்புரை, எல்லாம் விரல் நுனியில் இருக்கும். ஒரு ஆமை படுத்துவிட்டால் இவர் மூக்கில் வியர்த்துவிடும். துக்கம் விசாரிப்பது போலப் போவார், கைப்பையில் ஸ்பேனர் இருக்கும். இவர் மட்டும் இல்லை, மிச்சமிருந்த ஆமைக்காரர்கள் அத்தனை பேரும் அப்படித்தான். ஒரு வண்டி செத்தால்தான் இன்னொரு வண்டிக்கு உதிரி கிடைக்கும். அதனால் எவன் வண்டி செத்தாலும் மற்றவனுக்குத் தெரியாமல் மறைத்து, நல்ல சாமானை முதலில் உருவிக்கொள்வான். கேட்டால், "வெளிநாட்டுலேர்ந்து மச்சான் அனுப்பினான்" என்பான். இந்தத் திருட்டுக் கூட்டத்துக்கு மெக்கானிக் நான்தான். நான் மட்டும் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை.

"அந்த ஆமையையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்தியிருக்கலாம், என்னை எதுக்கு இழுத்துட்டு வந்தீங்க?" என்று அக்கா கத்துவாள். மாமா அசரமாட்டார். "அது சோறு போடுதுடி. நீ திங்கத்தான் செய்யற" என்பார். அவர் வாய் அப்படி. என் பட்டறையில் நாலு பேர் நிற்கும்போது, "இவன் கை பட்டா ஓடுற வண்டியும் படுத்துடும், சொந்தக்காரனாச்சேன்னு வர்றேன்" என்றார் ஒரு நாள். நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நான் மறக்கவில்லை, மறக்கிற ஜாதியும் நான் இல்லை.

ஆனால் சோறு போட்டது ஆமைதான், அதில் பொய்யில்லை. டாக்சி பர்மிட் வண்டியின் மேல்தான் இருந்தது. வண்டி போனால் பர்மிட் போச்சு, புதுப் பர்மிட் கொடுப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். அந்த வருஷம் வாகனப் பரிசோதனை ஆபீஸிலிருந்து ஆமைக்காரர்கள் எல்லாருக்கும் ஒரு தாள் வந்தது. ஊரில் ஐந்துக்கும் குறைவாகப் பதிவில் இருக்கிற மாடலுக்கு இனிமேல் பரிசோதனை கிடையாது. பரிசோதனை இல்லாத வண்டி சாலையில் ஏறக்கூடாது. மாமா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார்.

"நம்மது ஆறு இருக்குடா. பயமில்ல" என்று விரலை மடக்கினார். "என்னோடது, டீச்சரம்மாவுது, லாண்டரிக்காரன், பல் டாக்டர், பேக்கரி, போட்டோக்காரர்."

நான் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

போட்டோக்காரரின் ஆமை எட்டு மாதம் முன்பே செத்துவிட்டது. இன்ஜினில் விரிசல். பதிவையும் ரத்து செய்துவிட்டார். அதை நான் வாங்கிப் பின்னால் உள்ள கொட்டகையில் வைத்து, பாகம் பாகமாகப் பிரித்து மற்றவர்களுக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன். விஷயம் தெரிந்தால் எல்லாரும் வந்து பிடுங்குவார்கள் என்று போட்டோக்காரருக்கு யோசனை சொன்னதும் நான்தான். ஸ்டுடியோ பக்கத்துச் சந்தில் கார் நின்ற இடத்தில் அவருடைய பழைய சோபாவையும் இரண்டு பெஞ்சையும் போட்டு, அதே சாம்பல் நிற உறையை மாட்டி, நம்பர் பிளேட்டையும் வெளியே கட்டித் தொங்கவிட்டோம். உருண்டையாக, அச்சு அசல் ஆமை. மாமா தினமும் அந்தச் சந்து வழியாகத்தான் போவார். எட்டு மாதமாக ஒரு சோபாவை எண்ணிக்கொண்டிருந்தார்.

சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. நாலு பேர் சிரித்ததும் கூடவே வந்தது. விட்டுவிட்டேன்.

அடுத்த வாரமே மாமாவின் கியர்பாக்ஸ் போனது. மூன்றாவது கியரைப் போட்டால் இரும்பை மென்று துப்புகிற மாதிரி ஒரு சத்தம். பரிசோதனைக்குப் பதினெட்டு நாள் இருந்தது. என் கொட்டகையில் இருந்த கியர்பாக்ஸ் முதல் வாரமே லாண்டரிக்காரர் வண்டிக்குள் போயிருந்தது. மாமா எங்கெங்கோ அலைந்தார். லாண்டரிக்காரரிடம் போய், "அந்த மச்சான் அட்ரஸையாவது குடுங்க" என்று கெஞ்சினாராம். அவர், "அவன் கப்பல்ல போயிட்டான்" என்றாராம். அடப்பாவிகளா!

பதினெட்டு பன்னிரண்டானது. மாமாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அக்கா என்னிடம் வந்து, "ஏதாவது பண்ணுடா, மனுஷன் கண்ணெல்லாம் உள்ள போயிடுச்சு" என்று அழுதாள். நான் என்ன பண்ணுவேன்? ஊரில் சும்மா நின்ற ஒரே ஆமை டீச்சரம்மாவுடையது.

டீச்சரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபது தாண்டியவர், புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. புருஷன் ஓட்டிய ஆமை வீட்டு ஷெட்டில் பளபளவென்று நிற்கும். அவருக்கு ஓட்டத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மாமா போய் அந்த வண்டியை எடுத்து, ஊருக்கு வெளியே இருக்கிற முதியோர் இல்லத்துக்கு அவரைக் கூட்டிப்போவார். அங்கே டீச்சரம்மாவின் தங்கை இருந்தார். போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். ஆறு வருஷமாக இதுதான் வழக்கம். வண்டிக்கு ஆயில் மாற்றுவது, காற்றடிப்பது, பரிசோதனைக்குக் கொண்டுபோவது எல்லாமே மாமாதான். சாவிகூட இவரிடம் ஒன்று இருந்தது.

டீச்சரம்மாவின் வண்டிக்கும் அந்த வாரம்தான் பரிசோதனை. மாமா ஓட்டிப்போனார். அங்கே நடந்ததை அவரே என்னிடம் சொன்னார், அதுவும் பெருமையாக.

பிரேக், லைட், ஹார்ன், புகை எல்லாம் சரி. இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டார். மாமா குனிந்து, "சார், அடியில ஒரு தடவ டார்ச் அடிச்சுப் பாத்துடுங்க. வயசான அம்மா போற வண்டி" என்றார். டிரைவர் சீட்டுக்கு நேர் கீழே, மூன்று வருஷம் முன்பு இவரே தார் பூசி மறைத்த துரு ஒன்று இருந்தது. இன்ஸ்பெக்டர் ஸ்குரூ டிரைவரால் குத்தினார். பிடி வரை உள்ளே போனது. பேனாவை மூடிவிட்டு வேறு தாளை எடுத்தார். வண்டி ஓட்டத் தகுதியில்லை, பதிவு ரத்து.

"ஒரே வார்த்தைதான் மாப்ள" என்றார் மாமா. என் பட்டறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். வெளியே டீச்சரம்மாவின் ஆமை கயிறு கட்டி இழுத்து வந்தபடி நின்றது.

"அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"என்னால முடிஞ்சதைப் பாத்தேன், ஒத்துக்க மாட்டேன்னுட்டாங்கன்னேன். 'நீ என்ன பண்ணுவ தம்பி, உனக்கு எதுக்காவது ஆகும்னா எடுத்துக்கோ'ன்னாங்க. கண்ணு கலங்கிடுச்சுடா."

"யாருக்கு?"

"அவங்களுக்குத்தான்" என்றார். பிறகு, "இனிமே ஞாயித்துக்கிழமை என் வண்டியிலயே கூட்டிட்டுப் போறேன்னுட்டேன். நான் என்ன அவ்வளவு கெட்டவனா? ஆறுல ஒண்ணு போனா அஞ்சு. கணக்கு சரியா இருக்கு" என்றார்.

அவர் சட்டைப் பையில் அந்த ரத்துத் தாள் துருத்திக்கொண்டிருந்தது. வாங்கிப் படித்தேன். ஏழு நாளுக்குள் குறையைச் சரிசெய்து மறுபரிசோதனைக்குக் கொண்டுவந்தால் ரத்து நீங்கும் என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. ஒரு தகடு வெட்டி வெல்டிங் வைத்தால் போதும், எனக்கு அரை நாள் வேலை. ஐந்து ஐந்தாகவே இருக்கும், பாஸான பிறகு கியர்பாக்ஸை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் சோபாவைச் சொல்ல வேண்டும். கொட்டகையைத் திறந்து காட்ட வேண்டும். எட்டு மாதம் அவரை முட்டாளாக்கியதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும்.

தாளை மடித்துக் கொடுத்தேன். "கியர்பாக்ஸை எறக்கிடலாமா?" என்றேன்.

நான்கு நாள் இரண்டு பேரும் சேர்ந்து வேலை பார்த்தோம். டீச்சரம்மாவின் ஆமையைக் கவிழ்த்துப் போட்டு, கியர்பாக்ஸை இறக்கி, கழுவி, மாமா வண்டியில் ஏற்றினோம். அத்தனை வருஷத்தில் மாமா என் வேலையைப் பாராட்டியது அந்த நான்கு நாள்தான். "கை சுத்தம்டா உனக்கு" என்றார். நான் போல்ட்டை முறுக்கினேன். ஐந்தாம் நாள் போனது, ஆறாம் நாள் போனது. ஏழாம் நாள் அக்கா எங்கள் இரண்டு பேருக்கும் பட்டறைக்கே சாப்பாடு கொண்டுவந்தாள். வயிறு நிறையச் சாப்பிட்டேன், அந்த வெட்கம்கெட்ட வேலையையும் செய்தேன்.

எட்டாம் நாள் மாமா வண்டியைக் கழுவித் துடைத்து, தலையைப் படிய வாரிக்கொண்டு பரிசோதனைக்குப் போனார். கிளார்க் பேப்பரை வாங்கவே இல்லை. கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "இந்த மாடல் நாலுதான் இருக்கு. போன வாரத்தோட முடிஞ்சுது" என்றார். மாமா அங்கேயே நின்று ஐந்து பேரையும் விரல்விட்டு எண்ணிக் காட்டியிருக்கிறார். கிளார்க் திரையைத் திருப்பிக் காட்டினார். போட்டோக்காரர் பெயருக்கு நேராக ரத்து என்று இருந்தது, எட்டு மாதத்துக்கு முந்தைய தேதியோடு.

நேராகச் சந்துக்குப் போய் உறையை இழுத்திருக்கிறார். அங்கிருந்து என் பட்டறைக்கு வந்தார். பேய் அறைந்த மாதிரி முகம். கையில் அந்த நம்பர் பிளேட்.

"உனக்குத் தெரியுமா?"

என் கண் கொட்டகைப் பக்கம் போனது. அவரும் கொட்டகைக் கதவைப் பார்த்தார். போய்த் திறந்தார். போட்டோக்காரர் ஆமையின் கூடு நின்றது, கதவில்லை, சீட்டில்லை, சக்கரமில்லை.

"டீச்சரம்மா வண்டியைக் கொண்டுவந்த அன்னிக்கே தெரியும் உனக்கு. சொல்லியிருந்தா ஒட்டுப் போட்டுக் கொண்டுபோயிருப்பேனேடா. ஏன் சொல்லல?"

"அந்தம்மா வண்டியைப் பத்தி நீங்க சொன்னீங்களா அவங்ககிட்ட?" என்றேன். என் வாய் அப்படி.

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, "இருபத்தேழு வருஷம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ணினார். "டீச்சரம்மா காத்துக்கிட்டிருப்பாங்க. நேர்ல போய்ச் சொல்லணும். தனியாப் போக முடியல, வாடா" என்றார். என் பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன்.

டீச்சரம்மா கேட்டுக்கு வெளியே தயாராக நின்றார். கையில் குடை, ஒரு துணிப்பை. எங்கள் பின்னால் தெருவைப் பார்த்தார்.

"வண்டி எங்க தம்பி?"

"என் வண்டியையும் நிறுத்திட்டாங்க டீச்சர். இனிமே ஓட்டக்கூடாதாம்."

"எப்படி?"

மாமா சொன்னார். ஐந்து, நான்கு என்று திக்கித் திக்கிச் சொன்னார். துருவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. டீச்சரம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் துணிப்பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார்.

"ஆபீஸ்லேர்ந்து சொந்தக்காரங்களுக்கு ஒரு காப்பி தபால்ல அனுப்புவாங்க தம்பி. நாப்பது வருஷம் பேப்பர் திருத்தினவ நான், ஒரு வரி விடமாட்டேன்" என்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "'வாகனத்தைக் கொண்டுவந்த ஓட்டுநரே குறையைச் சுட்டிக்காட்டினார்.' கீழ உன் கையெழுத்து."

மாமா தரையைப் பார்த்தார். நான் பைக்கின் கண்ணாடியைப் பார்த்தேன்.

"டீச்சர்..."

"அன்னிக்கே படிச்சுட்டேன். ஏழு நாள் டைம் இருக்குன்னும் படிச்சேன். வேற ஆள வெச்சுச் சரி பண்ணியிருக்கலாம். பேசாம இருந்துட்டேன். என் தங்கச்சிக்கு என் முகம் மறந்து ரெண்டு வருஷமாச்சு, பேர் மறந்துடுச்சு. அந்த ஆமையோட ஹார்ன் சத்தம் கேட்டா மட்டும் எழுந்து ஜன்னலுக்கு வருவா. என் வண்டியா இருந்தா என்ன, உன் வண்டியா இருந்தா என்ன, சத்தம் ஒண்ணுதான். உன் பொழப்பும் ஓடட்டும், அவளும் எழுந்து வரட்டும்னு விட்டேன்."

தாளை மடித்துப் பையில் வைத்தார். கேட்டைப் பூட்டினார். பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

"அங்க போறதுக்கு எந்த பஸ் தம்பி?" என்று கேட்டார்.

மாமாவுக்குத் தெரியவில்லை. இருபத்தேழு வருஷத்தில் அவர் பஸ் ஏறியதே இல்லை. என்னைப் பார்த்தார், எனக்கும் தெரியாது. டீச்சரம்மா குடையை விரித்துக்கொண்டு, "சரி, யாரையாவது கேட்டுக்கறேன்" என்று தெருமுனைப் பக்கம் நடந்தார்.