மதினியின் மட்கார்டுகள்

அடுக்களைக்குப் பின்சுவரில், ஒரே ஆணியில், இரண்டு சைக்கிள் மட்கார்டுகள் தொங்குகின்றன. கறுப்புப் பெயிண்டின் மேல் ஓடும் பொன்னிறக் கோடு இன்னும் மங்கவில்லை. போன வாரம் வெள்ளையடிக்க வந்தவர், "இதை எடைக்குப் போட்டுரலாமாம்மா?" என்று கேட்டார். ஆயுசெல்லாம் பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டே பிழைத்தவள் நான். இரண்டு தகரத்தைப் பற்றி அவர் கேட்டதற்கு, "இருப்பா" என்று மட்டும் சொன்னேன்.

அவை என் மதினியுடையவை. அண்ணன் மனைவி, மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் நர்ஸ். ஐம்பதுகளின் கடைசியில் ஏழாயிரம்பண்ணைக்கு அப்பால் இருக்கும் ஊர்களை அவள் பொறுப்பில் விட்டார்கள். வெயில் காலத்தில் அங்கே வண்டிப்பாதை உண்டு. ஐப்பசி பிறந்துவிட்டால் எல்லாம் கரிசல் சேறு, பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். வலி எடுத்தவளிடம் மழை விடட்டும் என்று சொல்ல முடியுமா? ஆகவே சைக்கிள் வேண்டும். மதினி கேட்டது ஒன்றுதான்: மழையிலும் வாடையிலும் எண்ணெய் விடு, கழற்றி மாட்டு என்று அவளைப் படுத்தாமல், கூப்பிட்டதும் கிளம்புகிற வண்டி.

கேட்டாளே, அவ்வளவுதான், வீட்டில் ஆளாளுக்கு மெக்கானிக் ஆகிவிட்டார்கள். செயினை முழுசாக மூடிய வண்டிதான் நல்லது, தண்ணீர் உள்ளே போகாது என்றான் அண்ணன். சேலை சக்கரத்தில் சிக்காதபடி வலை கட்டிய லேடீஸ் வண்டிதான் மரியாதை என்றார் எங்கள் கோயில் போதகர் ஐயா. இரண்டு மட்கார்டும் நீளமாக, டயரை ஒட்டினாற்போல் இருக்க வேண்டும், அப்போதுதான் சேறு தெறிக்காது என்றேன் நான். மதினி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சரு, எல்லாரும் சொல்றது சரியாத்தான் இருக்கு. அதான் எனக்குக் கொளப்பமா இருக்கு" என்றாள்.

விருதுநகர் கடையில் அந்த மூடிய வண்டி, நான் சொன்ன நீள மட்கார்டுகளோடு, பளபளவென்று நின்றது. பக்கத்தில் யாரோ பால்காரர் சொல்லிவைத்த மொட்டை வண்டி ஒன்று, மட்கார்டே இல்லாமல். மதினி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் சிரித்துவிட்டான். "மழைக்கு வண்டி வாங்க வந்துட்டு மட்கார்டு இல்லாததைப் பாக்குறியே." அவளுக்கும் வெட்கமாகிவிட்டது. மூடிய வண்டியோடு வீடு வந்தோம்.

கார்த்திகையில் ஒரு பகல், மழை பிடித்திருந்தபோது, பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவரின் மனைவிக்கு வலி என்று ஆள் வந்தது. அந்தப் பெண்ணும் அதே கம்பெனியில் திரி சுற்றுகிறவள், தலைப்பிரசவம். மதினி உடனே கிளம்பினாள். மெயின் ரோடு தாண்டிக் கரிசலுக்குள் இறங்கியதும் சேறு டயரில் அப்பிக்கொண்டு மட்கார்டுக்குள் ஏறி இறுகிவிட்டது. சக்கரம் சுற்றவில்லை. தள்ளினால் நகரவில்லை. குச்சியால் குத்தி எடுத்தாள். நாலு எட்டு வைப்பதற்குள் மறுபடி அடைத்துக்கொண்டது. கொஞ்ச தூரம் தோளில் தூக்கிக்கூடப் போயிருக்கிறாள். கடைசியில் வண்டியை வயலில் போட்டுவிட்டுப் பையோடு நடந்தாள். அவள் போய்ச் சேர்ந்தபோது தாய் பிழைத்திருந்தாள். பிள்ளை மூச்சு விடவே இல்லை.

டாக்டரம்மா கூப்பிட்டு விசாரித்துவிட்டு, பிள்ளை வயிற்றிலேயே போயிருக்கும், நேரத்துக்குப் போயிருந்தாலும் பயனில்லை என்று சொன்னார்கள். மதினி அன்று என்னிடம் கேட்டாள்: "நெசமாத்தான் சொல்றாகளா, இல்ல எம் மனசு ஆறட்டும்னு சொல்றாகளா?" எனக்கு எப்படித் தெரியும்? இன்றைக்கும் தெரியாது. வண்டியைக் குற்றம் சொல்வதா, மண்ணையா, மழையையா, ஆளுக்கொரு யோசனை சொன்ன எங்களையா? யோசித்தால் தலை சுற்றுகிறது.

மறுநாளே ஸ்பேனரை எடுத்து மட்கார்டு இரண்டையும் அவளே கழற்றினாள். அதன்பின் மழைக்காலம் முழுக்க அவள் வெள்ளைச் சேலையின் முதுகில் ஒரு சேற்றுக்கோடு இருந்தது. கோயிலுக்கும் அப்படியே வந்தாள். நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். தை பிறக்கும்போதெல்லாம் அண்ணன், "இனி மாட்டிரலாம்ல?" என்பான். அவள் மட்கார்டுகளை இறக்கி மடியில் வைத்துத் துடைப்பாள். மாட்டப்போகிறாள் என்று நினைப்போம். மறுபடி ஆணியில் தொங்கவிட்டுவிடுவாள். ஏன் என்று கேட்டால், "தெரியலயே" என்பாள்.

மறுவருஷ மழைக்காலத்தில் அந்த லோடுக்காரரே, மனைவிக்கு மறுபடி வலி என்று, வாசலில் வந்து நின்றார். வயலில் கிடந்த வண்டியை அன்று எடுத்து வந்து கொடுத்தவர் அவர்தான். அவர் மதினியைப் பார்க்கவில்லை. சைக்கிளிடம் குனிந்து, டயருக்கு மேலே வெறும் இடத்தில் உள்ளங்கையை விட்டு முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "வாங்கம்மா, போவோம்" என்றார். இந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. வீட்டுக்கு வந்து மதினி அழுத அழுகையைச் சந்தோஷம் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

மதினி போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. வெள்ளையடிப்பவர் காத்துக்கொண்டிருக்க, நான் எட்டி ஒரு மட்கார்டை இறக்கினேன். அதன் வளைவுக்குள், அந்த லோடுக்காரர் செய்ததுபோல, கையை விட்டு ஓட்டிப் பார்த்தேன். சொரசொரவென்று ஏதோ தட்டியது. திருப்பிப் பார்த்தால், உள்பக்கம் முழுக்க அன்றைய கரிசல் காய்ந்து கல்லாய் ஒட்டிக்கிடக்கிறது. வருஷா வருஷம் வெளிப்பக்கத்தை மட்டும்தான் துடைத்திருக்கிறாள்.

"என்னம்மா, போட்டுரவா?" என்று மறுபடி கேட்டார்.

"தெரியலயேப்பா" என்றேன்.