விரித்து வைத்த கிதாபு

இங்கே ஜெர்மனியில், எங்கள் பல்கலைக்கழக வாசிப்பறையில், கோப்பி குடிக்கப் போகிறவர்கள் புத்தகத்தை விரித்தபடியே விட்டுப் போகிறார்கள். முதல் மாதம் எனக்கு அது கண்ணில் தூசி விழுந்ததுபோல உறுத்தியது. கை சும்மா இருக்குமா? கூடப் படிக்கும் யோனாஸ் எழுந்து போனதும் அவனுடைய ஹீப்ருப் புத்தகத்தை மூடிவைத்தேன். மனிதன் எப்படி நடக்கவேண்டும், இறைவனின் மறைபொருளை எப்படித் தேடவேண்டும் என்று சில நூற்றாண்டுகளுக்கு முன் யூத ஞானிகள் எழுதியது. அதைத்தான் நாங்கள் இருவரும் ஆராய்கிறோம்.

பக்கம் தொலைந்த கோபத்தில், "ஏன் மூடினாய்?" என்றான்.

"விரித்துவைத்துப் போனால் ஷைத்தான் வந்து ஓதுவான்."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அட, அந்தக் காலத்து யூத ரபிகளும் மூடச் சொல்கிறார்களே, இல்லாவிட்டால் படித்தது மறந்துபோகுமாம்! நீ எந்த நூலில் வாசித்தாய்?"

"நூலிலா? இலங்கையில், எங்கள் ஊர் கிண்ணியாவில், வாப்பாவிடம் ஏச்சு வாங்கி."

அது ஆதாரமாகாதாம். ஒழுக்கத்துக்கு இத்தனை அடிக்குறிப்பு எழுதும் துறையில், அதைக் கடைப்பிடிக்க ஒரு கிண்ணியாக்காரிதான் இருந்தாள். அவளையும், விரித்த புத்தகங்களின்மேல் 'தயவுசெய்து தொடவேண்டாம்' என்று துண்டுச்சீட்டு ஒட்டித் திருத்திவிட்டார்கள். பிறகு நானும் விரித்தபடியே போகப் பழகிக்கொண்டேன்.

வாப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். ஜும்ஆ தவறாமல் பலஸ்தீனத்துக்காகக் கையேந்துகிறவர். மஃரிபு தொழுகைக்குப் பின் நான் குர்ஆன் ஓதிக்கொண்டிருக்கையில், உம்மா குசினியிலிருந்து கூப்பிட்டு நான் எழுந்தால், "மகள், மூடிட்டுப் போ" என்று வாசலிலிருந்தே வாப்பாவின் சத்தம் வரும். நான் படிப்பது யூதர்களின் கிதாபு என்று தெரிந்த நாளிலிருந்து அந்தச் சத்தம் எனக்கு இல்லை. போனில் உம்மாதான். "வாப்பா பக்கத்துலதான் இரிக்காரு மகள். கதைக்கமாட்டாராம்." பேராசிரியரின் கேள்விக்கெல்லாம் பதில் எழுதிவிடலாம், இந்த மௌனத்துக்கு எழுத ஏலாது. அழுதிருக்கிறேன்.

போன வெள்ளி உம்மா வீடியோவில் வந்தார். பின்னால் கதிரையில் வாப்பா, முகத்தைத் திருப்பிக்கொண்டு. என் அடுப்பில் சோறு பொங்கி வழிய, போனை மேசையில் சாய்த்துவிட்டு ஓடினேன். போனுக்கு எதிரே அந்த ஹீப்ருக் கிதாபு விரித்தபடி கிடந்தது. அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாவிட்டாலும், அது யாருடைய கிதாபு என்று வாப்பாவுக்கு நன்றாகத் தெரியும்.

"மகள்."

எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தம்!

"மூடிட்டுப் போ."

ஓடிவந்து மூடினேன். வாப்பா ஒன்றும் நடக்காததுபோல மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே சோறு அடிப்பிடிக்கும் மணம். நான் யூதக் கிதாபின்மேல் கையை வைத்தபடி, போனில் தெரிந்த கிண்ணியாக் கதிரையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றேன்.