சீட்டின் பின்பக்கம்

என் மகனுக்கு அப்போது பத்து மாதம். விடிந்ததிலிருந்து இரண்டு முறை வயிற்றால் போயிருந்தான். நான் ஆசிரியை; அன்று பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன். போகாமல் இருக்க முடியாது என்று நினைத்தேன். போயிருக்கக் கூடாது என்றுதான் இன்றும் தோன்றுகிறது.

கூலி நெல் தகராறில் மாமனாரின் வயலில் அறுப்பு நின்றிருந்தது. அங்கே கதிர் அறுக்கும் ஒரு பெண், வேலை இல்லாததால், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தார். எங்கள் குடும்பத்தின் மேல் கோபம் இருக்குமோ என்று எனக்குப் பயம். அந்தப் பயத்தில், அவருக்குப் படிக்கத் தெரியாது என்று தெரிந்தும் செய்ய வேண்டியதையெல்லாம் பத்து வரி எழுதிக் கையில் கொடுத்தேன்.

"இத வச்சு புள்ளைக்கு விசிறவா சின்னம்மா? வாயால சொல்லுங்க, போதும்."

சொன்னேன். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி.

சாயங்காலம் கூலி கேட்டுப் போன ஊர்வலத்தால் பஸ் நின்றுவிட்டது. நான் நடந்து வந்து சேர்ந்தபோது குழந்தை அவர் தோளில் துவண்டு கிடந்தான். வண்டி கட்டி, அவரையும் கூட்டிக்கொண்டு ஒரத்தநாட்டு டாக்டரிடம் ஓடினேன்.

"எத்தன தடவ போச்சு? கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்?"

நான் பக்கத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் இடுப்பிலிருந்து என் சீட்டை எடுத்து நீட்டினார். டாக்டர் என் எழுத்தைப் படிக்கத் தொடங்கினார்.

"அது சின்னம்மா எழுதுனது. பின்னாடி பாருங்கய்யா."

பின்னால் முழுக்க அடுப்புக்கரியில் குறிகள். அரிசி மில்லில் சங்கு ஊதும்போதெல்லாம் குறுக்கே ஒரு கோடு போட்டு நாளைப் பிரித்திருந்தார். கோடுகளுக்கு நடுவில், பேதிக்கு ஒரு சுழி. குடித்த ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு புள்ளி. சிறுநீருக்கு இரண்டு கரையுள்ள ஒரு வாய்க்கால். கடைசி வாய்க்காலின் குறுக்கே கட்டைபோல் ஒரு தடித்த கோடு.

"இது என்னம்மா?"

"மடை அடைச்சிருக்குங்கய்யா. பன்னெண்டு மணிச் சங்குக்கப்புறம் தண்ணி வரல."

டாக்டர் உடனே குளுக்கோஸ் ஏற்றினார்.

பாட்டில் சொட்டுச் சொட்டாக இறங்கி முடியும்வரை அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சுழியையும் புள்ளி என்று மயங்க இடமில்லை. என் பத்து வரியில் டாக்டருக்கு உதவும் ஒரு சொல்கூட இல்லை. வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறவள் நான்; எனக்கு இப்படித் தோன்றியிருக்குமா?

இரவு வெகுநேரம் கழித்து அவர் மடியில் கிடந்த குழந்தை சேலையை நனைத்தான். அவர் அசையவில்லை. "கரி இல்ல, பென்சில் இருக்கா?" என்றார்.

நானே வரைந்தேன், கட்டை இல்லாத ஒரு வாய்க்கால். சரியாக இருக்கிறதா என்று அவரிடம் காட்டினேன்.

"இன்னும் அகலமாப் போடுங்க சின்னம்மா. நல்லாவே நனைச்சிருக்கான்."